டாக்டர் கிரேவ்ஸ்

குடகனாற்றங்கரையிலுள்ள வேடசந்தூரில் எமது சிறிய தாயார் ஒருவர் இருந்தார். மூன்று வேளையும் நன்றாய் உண்பார். உடலோ நாளுக்கு நாள் மெலிந்து வந்தது. மார்பு படபடக்கும், விரல்கள் நடுங்கும், கண்கள் பிதுங்கித் தோன்றும். கண்ணேறு என்றனர் சிலர். சிடுசிடுப்புக்காரி என்று ஏசினர் பலர். நோயின் பெயரை யாம் அறிந்த நாளில், அப்பெயருக்குரிய பெரியாரின் சரித்திரத்தையும் அறிய விழைந்தோம்.

இராபர்ட் ஜேம்ஸ் கிரேவ்ஸ் 1796-ஆம் ஆண்டு அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரிற் பிறந்தார். தந்தையார் டிரினிட்டி கல்லூரியில் இறையியற் பேராசிரியர். 1818-இல் வைத்தியப் பட்டம் பெற்ற கிரேவ்ஸ் பிறதேசங்களில் யாத்திரை செய்தார். ஆஸ்திரியாவில், இவர் பேசிய ஜெர்மன் மொழியின் தூய்மையைக் கேட்டு, ஒற்றனென ஐயுற்றுப் பத்து நாள் சிறையிலிட்டனர். மத்தியதரைக் கடலிற் புயலில் அகப்பட்ட கப்பலைக் கைவிட்டு மாலுமிகள் படகேற முயன்றபோது, இவர் அப்படகைக் கோடரியாற் பிளந்துவிட்டு, தம் காலணித் தோலைக்கொண்டு நீரிறைக்கும் பொறியைச் செப்பனிட்டாராம். கப்பல் பிழைத்தது. பிற்காலத்து வைத்தியரை இக்கதையிலேயே காண்கின்றோம்.

1821-இல் தாயகம் மீண்டு மீத் மருத்துவமனையில் அமர்ந்தார். மாணாக்கரை நோயாளியின் படுக்கையருகே நிறுத்தி, அவர்களே வினவவும் ஆராயவும் பழக்கினார். காய்ச்சலுற்றோரைப் பட்டினியிடும் வழக்கத்தை எதிர்த்து உணவளித்தார். அதனையே தம் கல்லறையிற் பொறிக்க விரும்பினார் என்பர்.

1835-இல், நீங்காத மார்புத் துடிப்பும் கழுத்து வீக்கமும் ஒருங்கேயுற்ற பெண்டிர் மூவரைப்பற்றி எழுதினார். இங்கிலாந்தில் பாரி என்பார் இதனை முன்னரே கண்டிருந்தார். ஜெர்மனியில் பாஸடோ 1840-இல் விவரித்தார். எனினும் பிரெஞ்சு வைத்தியர் துருஸோ எடுத்துரைத்தமையால் கிரேவ்ஸ் பெயரே பெரிதும் நிலைத்தது. 1853-இல் அவர் காலமானார். நோயின் மூலம் அவருக்குப் புலப்படவில்லை.

அது புலப்படத் தொடங்கியது 1956-இல். நியூஸிலாந்தில் ஆடம்ஸ், பர்வ்ஸ் என்னும் இருவர் இந்நோயாளரின் இரத்தத்தில் தைராய்டு சுரப்பியை நெடுநேரம் தூண்டும் பொருளொன்றைக் கண்டனர். அஃது எதிர்ப்பொருள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஆணையை ஏற்கும் வாயில் ஒன்று தைராய்டு அணுக்களில் உண்டு. கிருமிகளை எதிர்க்கவேண்டிய எதிர்ப்பொருள் வழிதவறி அவ்வாயிலைப் பற்றி, அவ்வாணையைப் போன்றே ஓயாது தூண்டுகின்றது. ஆணையிடுவோன் வாய்மூடிய பின்னும் வேலை நிற்பதில்லை. மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை ஆகிய மூன்றும் இன்று இதற்குரிய சிகிச்சைகள்.

எமது சிறிய தாயார் மாத்திரையால் தேறினார். கண்கள் மட்டும் பழையபடி ஆகவில்லை. அவரை ஏசினவர்களுள் யாமும் இருந்தோம்.