திருச்சியில் மூன்று நாள்
பிஷப் ஹீபரின் கடைசிப் பயணம்

முக்கொம்பில் மேலணை எழுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த கதை இது. 1826-ஆம் ஆண்டு, பங்குனி மாத வெயில். தஞ்சாவூர்ச் சாலையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் திருச்சிராப்பள்ளிக்கு வந்து சேர்ந்தார். ஏப்ரல் 1-ந் தேதி வந்தவர் 3-ந் தேதி காலமானார். மூன்றே நாள் தங்கிய அந்த விருந்தாளியின் பெயரைத் திருச்சி மறக்கவில்லை. ஹீபர் பள்ளி என்றும் ஹீபர் கல்லூரி என்றும் ஊரார் நாள்தோறும் சொல்வது அவர் பெயரைத்தான்.

ரெஜினால்டு ஹீபர் 1783 ஏப்ரல் 21-ந் தேதி இங்கிலாந்தில், செஷயர் ஜில்லாவிலுள்ள மால்பாஸ் என்ற ஊரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படிக்கும்போதே கவிதைக்குப் பரிசு பெற்றவர். பிறகு ஹாட்னெட் என்ற கிராமத்தில் குருவானவரானார். 1809-இல் அமீலியா என்ற பெண்ணை மணந்தார். முதல் குழந்தை பிறந்து சில மாதங்களிலேயே இறந்துபோயிற்று. அதற்குப் பின் பிறந்தவள் எமிலி.

கிராமத்து வாழ்க்கையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் கல்கத்தா பிஷப் பதவி அவரைத் தேடி வந்தது. முந்திய பிஷப் 1822-இல் கல்கத்தாவில் காலமாகியிருந்தார். இந்தியா முழுவதும், இலங்கையும் அந்த ஒரே பிஷப்பின் பொறுப்பு. வயதான தாயாரை விட்டுப் போவதா, சிறு குழந்தையைக் கடல் கடந்து கொண்டுபோவதா என்று ஹீபர் தயங்கினார், மறுத்தும் பார்த்தார். கடைசியில் ஒப்புக்கொண்டு 1823 ஜூன் மாதம் கப்பலேறினார். கப்பலிலேயே இந்துஸ்தானி படிக்கத் தொடங்கிவிட்டார்.

மனைவிக்காக ஒரு நாட்குறிப்பு

கல்கத்தாவில் மகள் ஹாரியட் பிறந்தாள். 1824 ஜூனில் ஹீபர் வடநாட்டுச் சுற்றுப்பயணம் புறப்பட்டபோது அவள் கைக்குழந்தை. அமீலியாவால் உடன் போக முடியவில்லை. கங்கையில் படகு, பிறகு குதிரை, கூடாரம் என்று சுமார் பத்து மாதம் அவர் குடும்பத்தைப் பிரிந்திருந்தார். கூடப் போன நண்பரான குருவானவர் ஸ்டோ, டாக்காவிலேயே நோய்கண்டு இறந்தார்.

தனிமைக்கு ஹீபர் கண்ட மருந்து பேனாதான். அன்றன்று கண்டதையெல்லாம் மனைவி படிப்பதற்காக எழுதி வைத்தார். விடியுமுன் கூடாரம் பிரித்துப் புறப்படுவது, வழியில் பார்த்த மரம் செடிகள், ஆட்களின் பேச்சு, காசியின் தெருக்கள், அல்மோராவிலிருந்து தெரிந்த பனிமலை, டில்லியில் பெயரளவுக்குப் பாதுஷாவாக இருந்த இரண்டாம் அக்பரைக் கண்டது என எதையும் விடவில்லை. நன்றாகப் படம் வரைவார். போகும் இடத்தையெல்லாம் வரைந்தும் வைத்தார். இங்கிலாந்திலிருந்த தாயாருக்கும் நண்பர்களுக்கும் தனித்தனியே கடிதங்கள் போயின. ஒரு கடிதம் கடல் கடந்து சேர நான்கைந்து மாதம் ஆகும் காலம் அது.

வரியைக் கண்டு வருந்தியவர்

1826 ஜனவரி 30-ந் தேதி தென்னாட்டுக்குக் கப்பலேறினார். கோடை வரப்போகிறது என்பதால் மனைவியும் குழந்தைகளும் கல்கத்தாவிலேயே தங்கினார்கள். சென்னையில் இறங்கி, மகாபலிபுரம், கடலூர், சிதம்பரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சையை நோக்கி வந்தார்.

வழியில், மார்ச் மாதம், லண்டனிலிருந்த தம் நண்பர் வின்னுக்கு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனி ஆட்சியை மேற்பார்க்கும் போர்டுக்குத் தலைவர் அவர். ஹீபருக்குப் பிஷப் பதவியைத் தேடித் தந்தவரும் அவரே. விளைச்சலில் பாதியைச் சர்க்கார் வரியாகக் கேட்டால் குடியானவன் எப்படிப் பிழைப்பான் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். சுதேச மன்னர்களின் பிரஜைகளைவிடக் கம்பெனி சீமைக் குடிகள் ஏழைகளாக இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதினார். இந்தியாவின் பொருளாதார வரலாற்றை எழுதிய ரொமேஷ் சந்திர தத் பின்னாளில் இந்தக் கடிதத்தைச் சாட்சியாக எடுத்துக் காட்டினார்.

தண்ணீரும் அப்போது குடியானவனுக்குத் துணையாக இல்லை. முக்கொம்பில் பிரியும் வெள்ளம் பள்ளமான கொள்ளிடத்தில் பாய்ந்துவிட, காவிரியில் மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டி அதைத் தடுத்தது 1836-க்குப் பிறகுதான்.

தஞ்சையில் ஈஸ்டர்

மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தஞ்சைக் கோயிலில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் திரளாகக் கூடினார்கள். அன்று ஹீபர் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் மாணவரான சரபோஜி மன்னரையும் சந்தித்தார். லவாய்சியர், லின்னேயஸ் முதலிய விஞ்ஞானிகளைப் பற்றிப் பேசவும், ஷேக்ஸ்பியரை எடைபோடவும், நல்ல குதிரையை இனங்காணவும் தெரிந்த அரசர் அவர் என்று நண்பருக்கு வியந்து எழுதினார். ஸ்வார்ட்ஸைப் பற்றித் தமக்கு முன்பிருந்த சந்தேகம் தஞ்சைக்கு வந்தபின் நீங்கிற்று என்றும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஒரு கவலை அவரோடு கூடவே வந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமை நீடிக்கலாமா கூடாதா என்ற வழக்கு அவர் முன் வைக்கப்பட்டிருந்தது. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல விரும்பாமல் விசாரிக்கத் தொடங்கினார். அந்த விசாரணை முடியுமுன் அவர் காலம் முடிந்தது.

அந்தத் திங்கட்கிழமை

ஏப்ரல் 2, ஞாயிறு. திருச்சி தூய யோவான் ஆலயத்தில் ஹீபர் பிரசங்கம் செய்தார். மறுநாள் அதிகாலை கோட்டைக்குள் இருக்கும் கிறிஸ்து நாதர் ஆலயத்துக்குப் போனார். 1766-இல் ஸ்வார்ட்ஸ் கட்டிய கோயில் அது. அங்கே தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் சடங்கு நடத்தினார். தமிழில் ஆசீர்வாதம் கூறினார். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட்டார். சபையின் வறுமை அவர் மனத்தை உறுத்திற்று.

வெயில் ஏறுமுன் தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பினார். தோட்டத்தில் தனிக் கட்டிடத்துக்குள் ஆழமான குளியல் தொட்டி ஒன்று இருந்தது. களைப்புத் தீரக் குளிக்கப் போனார். நெடுநேரமாகியும் வெளியே வராததால் வேலைக்காரன் கதவைத் திறந்து பார்த்தான். பிஷப் நீருக்குள் கிடந்தார். எடுத்துக் கிடத்தி, அந்நாள் வழக்கப்படி இரத்தம் வாங்கிப் பார்த்தார்கள். உயிர் திரும்பவில்லை. 43 வயது நிறைய இன்னும் 18 நாட்கள் இருந்தன. மறுநாள் தூய யோவான் ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள்.

கல்கத்தாவில் அமீலியா கணவருடைய கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது மரணச் செய்தி. இரண்டு பெண் குழந்தைகளோடு இங்கிலாந்து திரும்பிய அந்த அம்மாள், தமக்காக எழுதப்பட்ட நாட்குறிப்பையும் தென்னாட்டுக் கடிதங்களையும் கணவர் வரைந்த படங்களையும் பத்திரமாக எடுத்துச் சென்றார். அவற்றைத் தாமே ஒழுங்குபடுத்தி 1828-இல் புத்தகமாக வெளியிட்டார். வரியைப் பற்றிய அந்தக் கடிதமும் அவ்வாறே உலகத்தின் கண்ணுக்கு வந்தது.

ஹீபர் தாயாருக்கும் மனைவிக்கும் நண்பர்களுக்கும் எழுதினார். ஆனால் 1820-களில் இந்தக் காவிரிக் கரை எப்படி இருந்தது, இங்கே உழுதவன் எப்படி வாழ்ந்தான் என்று அறிய விரும்புகிற தமிழனுக்கும் இன்று அந்தக் கடிதங்கள் பயன்படுகின்றன.