பத்து லட்சத்தில் ஒரு நட்சத்திரம்: போதான் பச்சின்ஸ்கி போட்ட கணக்கு

ஒளியே விடாத ஒரு பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது? அதுக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரத்தைக் கவனிச்சா போதும். இந்த வழியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் போலந்து வானியலாளர் போதான் பச்சின்ஸ்கி.

யார் இவர்?

1940-ல் வில்னியஸ் நகரில் பிறந்தவர். 18 வயதில் முதல் ஆய்வுக் கட்டுரை, 24 வயதில் முனைவர் பட்டம். 1981 டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் அமலானபோது அமெரிக்காவில் இருந்தார். அங்கேயே தங்கி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

என்ன கணக்கு?

ஒரு பொருள் நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் கடந்தால், அதன் ஈர்ப்பு விசை ஒளியை வளைக்கும். நட்சத்திரம் சில நாட்களோ வாரங்களோ பிரகாசமாகி, பழைய நிலைக்குத் திரும்பும். இதுதான் மைக்ரோலென்சிங். இதை நேரில் பார்க்க வாய்ப்பே இல்லை என்று 1936-ல் ஐன்ஸ்டீன் கருதினார்.

பச்சின்ஸ்கி 1986-ல் கணக்குப் போட்டார். நம் பால்வீதியைச் சூழ்ந்த கரும்பொருள் முழுக்க இருண்ட பொருட்களால் ஆனது என்றால், பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் எந்த நேரத்திலும் சுமார் பத்து லட்சத்தில் ஒரு நட்சத்திரம் இப்படிப் பிரகாசமாகத் தெரியணும். அப்படின்னா, லட்சக்கணக்கான நட்சத்திரங்களைத் தினமும் அளக்கணும்.

சிக்கல் எங்கே?

நட்சத்திரங்கள் நெரிசலாக இருக்கும் இடத்தில்தான் இவ்வளவு எண்ணிக்கை கிடைக்கும். ஆனா அங்கே படத்தில் பல நட்சத்திரங்களின் ஒளி ஒரே புள்ளியில் கலந்துவிடும். பிரகாசம் எத்தனை மடங்கு கூடியது என்ற அளவு தப்பாகிவிடும்.

1992-ல் பச்சின்ஸ்கியும் வார்சாவின் ஆந்த்ரே உதால்ஸ்கியும் சிலியில் ஓகிள் திட்டத்தைத் தொடங்கினர். அடுத்த வருஷமே முதல் நிகழ்வு சிக்கியது. 1998-ல் பிரான்ஸின் கிறிஸ்தோஃப் அலாரும் பிரின்ஸ்டனின் ராபர்ட் லப்டனும் ஒரு கழித்தல் முறையை வெளியிட்டனர். தெளிவான ஒரு படத்தை, அன்றைய படத்தின் மங்கலுக்கு ஏற்ப மாற்றிக் கழிச்சுட்டா, மாறாத நட்சத்திரங்கள் மறைந்து மாற்றம் மட்டும் மிஞ்சும். ஓகிள் குழுவும் இதைப் பயன்படுத்தியது.

விடை என்ன?

பச்சின்ஸ்கி 2007-ல், 67 வயதில் மூளைப் புற்றுநோயால் காலமானார். அவர் எழுப்பிய கேள்விக்கு ஓகிள் குழு 2024-ல் விரிவான பதில் தந்தது. சுமார் 8 கோடி நட்சத்திரங்களை ஏறக்குறைய 20 வருஷம் பார்த்ததில் கிடைத்தவை 13 நிகழ்வுகள். நாம் அறிந்த சாதாரண நட்சத்திரங்களே அவற்றுக்குப் போதுமான காரணம். கரும்பொருளின் பெரும்பகுதி கருந்துளைகளாக இருக்க வாய்ப்பில்லை.