விளக்கேந்திய அம்மையாரும் ஒரு சாக்கடைக் குழாயும்

பொறியியல் படித்த நமக்கு நர்ஸம்மா கதை எதுக்குன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கையில் நம் துறைக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு.

1820 மே 12 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்தார். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். சின்ன வயசிலிருந்தே கணக்கில் ஆர்வம். நர்ஸ் வேலைக்குப் போக வீட்டில் கடும் எதிர்ப்பு. பல வருடம் பொறுத்திருந்துதான் சாதித்தார்.

கிரிமியப் போர் நடந்தபோது, 1854 நவம்பரில், 38 பெண்களோடு துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த ராணுவ டாக்டர்களுக்கு இந்தப் பெண்கள் வந்ததே பிடிக்கவில்லை. அம்மையார் சண்டைக்குப் போகவில்லை. டாக்டர் கூப்பிடாமல் யாரும் நோயாளியைத் தொடக்கூடாதுன்னு தன் ஆட்களுக்கே கட்டளை போட்டார். சில நாளில் காயம்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குவிய, டாக்டர்களே கூப்பிட்டார்கள். அதன் பிறகுதான் சட்டை, தட்டு, கரண்டி, துணி வெளுக்கும் கொப்பரை எல்லாம் நன்கொடைப் பணத்தில் வாங்கினார். ராணுவத்தின் பொருள் வழங்கும் பிரிவில் ஒரு கையெழுத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை அன்று.

இவ்வளவு செய்தும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். காரணம் காலுக்குக் கீழே இருந்தது. அந்தப் பாசறைக் கட்டடமே அடைத்துக்கொண்ட சாக்கடை மேல் நின்றது. மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. அதில் ராபர்ட் ராலின்சன் என்ற சிவில் இன்ஜினியரும் ஒருவர். சாக்கடையைக் கழுவிவிட்டு, குடிநீர் வரும் வழியைச் சுத்தம் செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதம் சாவு 100-க்கு 2 ஆனது!

இதோடு முடிந்திருந்தால் அடுத்த போரில் பழைய கதைதான். எனக்குத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பதிவு கொண்டுவந்தார்கள். ஆறே மாதத்தில் எல்லோரும் பழைய நோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். வார்டில் வேலை செய்பவர்களை யாருமே கலந்து பேசவில்லை. மாற்றத்தைக் கொண்டுவருவது ஒரு வேலை, அதை நிலைக்க வைப்பது வேறு வேலை.

அம்மையாருக்கு அது தெரிந்திருந்தது. 1856-ல் ஊர் திரும்பியதும் புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபார் உதவியோடு கணக்கில் உட்கார்ந்தார். காயத்தால் செத்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்களே மிக அதிகம் என்பது தெளிவானது. அட்டவணை போட்டால் அதிகாரிகள் படிக்க மாட்டார்கள் என்று, நீலம், சிவப்பு, கறுப்பில் வட்டப்படமாக வரைந்து காட்டினார். 1857-ல் அரச விசாரணைக் குழு அமைந்தது. அதன் தலைவர் அவருடைய நண்பர் சிட்னி ஹெர்பர்ட். குழுவின் முடிவுகளையொட்டிப் பாசறைகள் திருத்தப்பட்டன, ராணுவ மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் வந்தது. அங்கே தயாரானவர்கள் மற்ற ஊர்களுக்குக் குழுவாகப் போனார்கள். 1868-ல் ஒரு குழு சிட்னி வரை போனது.

நம் நாட்டுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் இங்குள்ள ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி விவரம் சேகரித்தார். இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு 1000-க்கு 69 பேர் சாகிறார்கள் என்பதை 1863 அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. மறு வருடமே சென்னை உட்பட மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன.

1910 ஆகஸ்ட் 13 அன்று 90 வயதில் மறைந்தார். எதிர்ப்பவரை முதலில் துணையாக்கு, கோளாறின் வேரைத் தேடு, எண்ணிக் கணக்கு வை, அடுத்த ஆளைத் தயார் செய் என்பதுதான் அவர் வேலை செய்த முறை. ஆஸ்பத்திரியோ, ஆலையோ, அலுவலகமோ, புதுசா ஏதாவது செய்யக் கிளம்பும் நம் நண்பர்கள் இந்த வரிசையை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.