தொண்டரடிப்பொடியாழ்வாரும் திருமாலையும்

சோழநாட்டுத் திருமண்டங்குடியில், மார்கழித் திங்கள் கேட்டை நன்னாளில், எம்பெருமானின் வனமாலையின் அம்சமாக அவதரித்தவர் விப்ரநாராயணர் என்று குருபரம்பரை கூறும். ஆராய்ச்சியாளர் அவர் காலத்தைக் கி.பி. 8, 9 ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிக் கருதுவர். வேத சாஸ்திரங்களைக் கற்ற அவர், திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து, மாலை தொடுத்து அரங்கனுக்குச் சமர்ப்பிக்கும் கைங்கர்யத்தையே வாழ்வாகக் கொண்டார்.

இத்தகைய தூயவருக்கும் சோதனை வந்தது. தேவதேவி என்னும் கணிகையிடம் மனத்தைப் பறிகொடுத்தார். கைங்கர்யம் மறந்தது, கைப்பொருள் கரைந்தது. பொருளற்றவரை வெளியே தள்ளிக் கதவடைத்தனர். செல்லுமிடம் அறியாது அவள் வாசலிலேயே கிடந்தார். பிராட்டி அவருக்காகப் பரிந்து பேச, அரங்கன் தன் ஸந்நிதியின் பொன்வட்டிலை எடுத்துச் சென்று, விப்ரநாராயணரின் ஏவலாளாய் நின்று தேவதேவியிடம் கொடுத்தான். விடிந்ததும் வட்டிலைக் காணவில்லை என்ற செய்தி பரவியது. களவுப் பழி சுமந்து அவர் சிறைப்பட்டார். பெருமாள் அரசன் கனவில் தோன்றி உண்மையை உணர்த்தியபின் விடுதலை பெற்றார்.

அவர் திருந்தி வந்த பிறகு எம்பெருமான் இரங்கவில்லை. விழுந்து கிடந்த நிலையிலேயே தேடிச் சென்றான். இதனை உணர்ந்த அவர் உள்ளம் உருகியது. பாகவதர்களின் ஸ்ரீபாத தீர்த்தத்தைப் பருகிப் பிராயச்சித்தம் செய்துகொண்டு, அவர்தம் திருவடித் தூளி என்னும் பொருள்பட தொண்டரடிப்பொடி என்ற திருநாமத்தை ஏற்றார்.

அவர் அருளிய திருமாலை 45 பாசுரங்களைக் கொண்டது. அரங்கன் ஒருவனையே பாடுவது. திருநாமத்தின் பெருமையை மகிழ்ந்து பாடத் தொடங்கியவர், இடையே தம் குறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் எண்ணி வருந்துகிறார். நெஞ்சினுள்ளே உறைபவன் அனைத்தையும் அறிவான் என்று தெளிந்தபோது, அவனிடம் மறைக்க முயன்ற தம் பேதைமையை எண்ணி வெட்குகிறார். ஆயினும் அவநம்பிக்கையில் முடிக்கவில்லை. தமக்குத் தகுதி இல்லை என்பதே அவன் அருளைப் பற்றுவதற்குக் காரணமாகிறது. குலத்தால் தாழ்ந்தவரெனப்படுவோரும் அவன் அடியாரானால் வணங்கத்தக்கவர் என்று அறுதியிடுகிறார். வைகறையில் திவ்யதேசங்களில் ஒலிக்கும் 10 பாசுரங்களான திருப்பள்ளியெழுச்சியும் இவர் அருளியதே.

அன்பர்களே! உற்சவத்தை ஸேவிக்க வந்தும், நமக்குத் தகுதி உண்டோ என்று மனம் தளர்ந்து நிற்போர் உண்டு. அவர்கள் திருமாலையை அநுஸந்திக்கட்டும். வாடிய மலரை நாம் மாலையில் சேர்ப்பதில்லை; அரங்கனோ வாடிய உள்ளத்தையும் தள்ளாது ஏற்றுக்கொள்கிறான்.

தொண்டரடிப்பொடியாழ்வார் திருவடிகளே சரணம்.