மணலை அளவுகோலாகக் கொண்டவர்

கிருமி எவ்வளவு சிறியது என்று ஒரு சிறுவன் வினவுவானாயின், மிக மிகச் சிறியது என்று கூறி நாம் அப்பாற் செல்வோம். அது விடையாகாது. கண்ணுக்குப் புலனாகாத ஒன்றன் அளவைப் பிறர்க்கு உணர்த்தும் இவ்விடர்ப்பாடு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு துணிவணிகருக்கு நேர்ந்தது. அவர்தாம் ஹாலந்து தேசத்து ஆந்தோனி வான் லேவன்ஹூக் என்பார்.

இவர் 1632-ஆம் ஆண்டு டெல்ப்ட் நகரில், கூடை முடைவார் ஒருவரின் மைந்தராய்த் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று துணிக்கடையொன்றில் தொழில் பயின்று, 1654-இல் ஊர் திரும்பி, மணம் புரிந்து, சொந்தக் கடை வைத்தார். பின்னர் நகர மன்றத்தில் ஒரு சிறு உத்தியோகமும் பெற்றார். சர்வகலாசாலையிற் பயின்றாரல்லர், இலத்தீனும் அறியார். தாய்மொழியாகிய டச்சு ஒன்றிலேயே தம் ஆராய்ச்சிகளையெல்லாம் எழுதினார். தமிழ் பயிலும் எமக்கு இச்செய்தி தனியின்பம் அளிப்பதென்பதை மறைப்பானேன்?

துணியின் இழைகளைச் சோதிக்க வணிகர் கண்ணாடிவில்லை கொள்வது வழக்கம். இவரோ கடுகளவான வில்லைகளைத் தாமே தேய்த்து, சிறு உலோகத் தகடுகளினிடையே பொருத்தி, ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடிகளைச் செய்தார். 1674-இல் ஏரி நீரை நோக்கினார். மிளகின் காரத்திற்குக் காரணம் அறியவேண்டி அதனை நீரில் ஊறவைத்து 1676-இல் நோக்கினார். அந்நீரில் எண்ணிறந்த உயிர்கள் நீந்தின!

இதனை இலண்டன் ராயல் சங்கத்தார்க்கு எங்ஙனம் உணர்த்துவது? அத்துணைச் சிறியவற்றை அளத்தற்கு அக்காலத்தில் அளவை ஏதுமில்லை. எனவே மணல், தினை, தலைமயிர், பேனின் கண் ஆகிய எவரும் அறிந்த பொருள்களையே அவர் அளவுகோலாக்கினார். அவ்வுயிர்களுள் மிகச் சிறியனவற்றில் நூற்றினை வரிசையாகக் கிடத்தினும் ஒரு பருமணலின் நீளத்தை எட்டா என்று மதிப்பிட்டார். நீளம் போலவே அகலமும் கனமும் நூறு நூறாதலின், அம்மணலின் பருமனுக்கு ஈடாகப் பத்து லட்சம் உயிர்கள் வேண்டும். சிறுவரும் போட்டுப் பார்க்கக்கூடிய பெருக்கற் கணக்கே இது.

ஆயினும் ஐயம் தீரவில்லை. போதகர் முதலிய எண்மர் தாம் நேரிற் கண்டதாக எழுதிய சாட்சிப் பத்திரங்களை 1677-இல் அனுப்பினார். அவ்வாண்டே இராபர்ட் ஹூக் என்பார் அவ்வுயிர்களைச் சங்கத்தார் காணக் காட்டினார். 1680-இல் சங்கம் இவரை அங்கத்தினராக்கியது.

காடியில் நெளியும் புழுக்களைக் கண்ட மாதர் சிலர், இனிக் காடியைத் தொடோம் என்று சூளுரைத்தனராம். 1683-இல் பல்லழுக்கை ஆராய்ந்த இவர், தம் நாட்டு மக்களினும் மிகுதியான உயிர்கள் தம் வாயில் வாழ்வதாகக் கணக்கிட்டார்.

குறையொன்றும் கூறவேண்டும். தம் சிறந்த முறைகளை எவர்க்கும் வெளியிட்டிலர். இளைஞரைப் பயிற்றுமாறு லைப்னிட்ஸ் என்னும் பேரறிஞர் வேண்டியும் இசைந்திலர். அளவைக் கற்பித்தவர் காணும் வழியை மறைத்தது வருந்தத்தக்கதே.

1723 ஆகஸ்டு 26-இல், தொண்ணூறாம் வயதில் காலமானார். அவர் சங்கத்திற்கு உரிமையாக்கிய 26 வெள்ளிப் பூதக்கண்ணாடிகள் பிற்காலத்தில் காணாமற் போயின, கடிதங்கள் எஞ்சியுள்ளன.