தேஹு தந்த துக்காராமர்

ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசியை முன்னிட்டுப் புனே நகரின் வழியே பண்டரிபுரம் நோக்கி இரு பல்லக்குகள் செல்வதை, பிழைப்பு நாடி இங்கு வந்து குடியேறிய நாம் யாவரும் கண்டிருக்கிறோம். ஆளந்தியினின்று வருவது ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கியது. தேஹுவினின்று வருவது துக்காராமருடையது. வந்த புதிதில், அலுவலகம் செல்லும் வழி அடைபட்டதே என்று அலுத்துக்கொண்டவர்களும் நம்முள் உண்டு. முசிரி சுப்பிரமணிய ஐயர் துக்காராமராக நடித்த தமிழ்ப்படம் 1938-ஆம் ஆண்டிலேயே வெளிவந்ததை அறிந்த பெரியவர்கள்தாம் அப்பல்லக்கில் செல்பவர் யார் என்பதை நமக்கு உணர்த்தினர்.

இந்திராயணி நதிக்கரையிலுள்ள தேஹுவில், 1608-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார் என்பர் பலர். குலம் குன்பி; தொழில் மளிகை வாணிகம். விட்டலனை வழிவழியாக வழிபட்டுவந்த குடும்பம் அது. இளமையிலேயே பெற்றோரை இழந்தார். 1630-ஆம் ஆண்டை ஒட்டித் தக்காணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியபோது முதல் மனைவி ரக்குமாயி உணவின்றி மாண்டாள், மகனும் மறைந்தான். கடை நொடித்தது. ஊரார் நகைத்தனர்.

பிறர் தமக்குத் தரவேண்டிய கடன் பத்திரங்களைத் தம்பி கான்ஹோபாவுடன் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு, தம் பங்கை இந்திராயணியில் எறிந்தார் அவர். தம்பியின் பங்கைத் தொடவில்லை. பின்னர் இடிந்து கிடந்த விட்டலன் கோயிலைப் புதுப்பித்தார், பண்டாரா மலையில் தனித்திருந்து தியானித்தார், அபங்கங்கள் பாடலானார்.

அவற்றுள் ஒன்றன் பொருள் நம்மைத் திகைக்கச் செய்கிறது. கடை நொடித்ததற்கும், பஞ்சம் வந்ததற்கும், மானம் போனதற்கும், மனைவி கடுஞ்சொல் கூறுவதற்கும் இறைவனுக்கு அவர் நன்றி சொல்கிறார். செல்வம் பெற்று நன்றி கூறுவோரை நாம் அறிவோம். இழந்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணி நன்றி கூறியவர் இவர். தம்மைக் குன்பியாகப் பிறப்பித்ததும் நன்றே, இல்லையேல் செருக்கால் அழிந்திருப்பேன் என்னும் கருத்தையும் ஓரிடத்தில் வெளியிட்டார். ஆனால் இக்கணக்கில் இரண்டாம் மனைவி ஜிஜாயிக்காகச் சற்றே பரிந்து பேச விரும்புகிறோம். பசித்த குழந்தைகளை வீட்டில் வைத்துக்கொண்டு, மலையிலிருந்த கணவருக்கு உணவு சுமந்து சென்றவளாகவே மரபு அவளைக் காட்டுகிறது. அவள் கடிந்துரைத்ததில் வியப்பு யாது?

வேதப்பொருளைச் சூத்திரர் மக்கள்மொழியில் பாடுவதா என்று அக்காலச் சாத்திரிகள் சினந்தனர். வாகோலியைச் சேர்ந்த ராமேசுவர பட்டர் அவர்களுள் முதன்மையானவர். பாடல் ஏடுகளை ஆற்றில் எறிந்துவிட வேண்டும் என்ற ஆணை பிறந்தது. துக்காராமர் எதிர்வழக்காடவில்லை. கடன் பத்திரங்களை ஏற்றுக்கொண்ட அதே நதியில் அபங்க ஏடுகளையும் தம் கையாலேயே அமிழ்த்தினார். முன்னது அவருக்கு விடுதலையாய் இருந்தது. பின்னதோ உயிரையே பறித்தாற்போன்றது. இறைவனுக்கு நன்றி சொல்லும் வாயை அடைத்தபின் அவருக்கு எஞ்சியது யாது? கரையில் ஒரு கல்லின்மேல் அன்னமும் நீருமின்றி 13 நாட்கள் கிடந்தார்.

ஏடுகள் நனையாமல் மிதந்து வந்தன என்பது அடியார் கொள்கை. பாடல்கள் முன்னமே மக்கள் நாவில் ஏறிவிட்டமையால் மீண்டன என்று உரைப்பாரும் உளர். இவ்வழக்கில் நாம் தலையிடவில்லை. ராமேசுவர பட்டர் பின்னர் அவருக்கே அடியாரானார் என்று மட்டும் கூறுவோம். அந்தணர் குலத்துப் பெண்மணியான பஹிணாபாயி அவரையே குருவாகக் கொண்டதோடு, அதனை மறைக்காமல் தம் வாழ்க்கையைப் பாடிய பாடல்களிலும் அறிவித்தார். அதன் பொருட்டுத் தம் இல்லத்திலேயே அவர் துன்புற நேர்ந்தது.

1650-ஆம் ஆண்டை ஒட்டித் துக்காராமர் மறைந்தார். உடலோடு வைகுந்தம் ஏகினார் என்பது மரபு. இன்று அவர் பெயரால் சுமார் 4,500 அபங்கங்கள் வழங்குகின்றன. அவர் கிடந்ததாகப் போற்றப்பெறும் கல்லுக்கென எழுப்பிய மந்திர் 2022-ஆம் ஆண்டு தேஹுவில் திறக்கப்பெற்றது. காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் தரிசித்துத் திரும்பிவிடலாம். கோயிலை அடுத்தே இந்திராயணி ஓடுகின்றது.