என்றும் மாணவர்

நுழையும்முன்

தொலைக்காட்சியில் டோரேமான் என்னும் நீலநிறப் பூனையை அறியாத சிறுவர் இலர். அதனைப் படைத்த ஹிரோஷி ஃபுஜிமோட்டோ ஓவியக் கல்லூரியில் பயின்றவர் அல்லர், தொழிற்பள்ளி மாணவர். நண்பர் மோட்டோ அபிகோவுடன் சேர்ந்து ஒரு சித்திரக்கதை நூலின் பக்கங்களையே பாடமாகக் கொண்டு வரையக் கற்றார். அந்நூலை வரைந்தவர் ஒசாமு தெசூகா. ஒரு தலைமுறைக்கே ஆசிரியராக விளங்கிய அவர், தம் ஓவியம் பழமையாகிவிட்டது என்று உலகம் கருதிய நாளில் மீண்டும் மாணவரானார். அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வண்டு தந்த பெயர்

ஒசாமு தெசூகா 1928ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஜப்பானின் ஒசாகா மாநிலத்தில் உள்ள டொயோனாக்காவில் பிறந்தார். டகராசூகா நகரில் வளர்ந்தார். மெலிந்த உடலும் மூக்குக் கண்ணாடியும் சுருண்ட முடியும் கொண்ட சிறுவனைப் பள்ளித் தோழர்கள் எள்ளி நகையாடினர். அவன் வரைந்த சித்திரக்கதைகளோ அதே தோழர்களை அவன் வீட்டிற்கு அழைத்து வந்தன.

பூச்சிகளைத் தேடிப் பிடிப்பதில் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. வண்டின் கால்களையும் உணர்கொம்புகளையும் உற்றுநோக்கி நுணுக்கமாக வரைந்தார். தம் பெயரை ஒத்து ஒலிக்கும் ஒருவகை வண்டின் நினைவாகப் பூச்சியைக் குறிக்கும் எழுத்தொன்றைத் தம் பெயருடன் சேர்த்துப் புனைபெயராக்கிக் கொண்டார். தந்தை வீட்டில் வைத்திருந்த படக்கருவி, திரைப்படத்தையும் அவருக்கு இளமையிலேயே அறிமுகப்படுத்தியது.

போரும் மருத்துவமும்

இரண்டாம் உலகப்போரின்போது மாணவர்கள் ஆலைப்பணிக்கு அனுப்பப்பட்டனர். 1945 சூன் மாதம் ஒசாகா நகரின்மீது குண்டுமழை பொழிந்தபோது தெசூகா அதன் நடுவே உயிர்தப்பினார். எரிந்த நகரையும் மடிந்த மக்களையும் கண்டார். போர் முடிந்த இரவில் நகரில் மீண்டும் விளக்குகள் ஒளிர்வதைக் கண்டபோது, இனி அஞ்சாமல் வரையலாம் என்னும் மகிழ்ச்சி அவருள் பொங்கியது. உயிரின் அருமை அவருடைய படைப்புகள் அனைத்திற்கும் அடிநாதமாக அமைந்தது இதனாலேயே.

இளமையில் தொற்றுநோயால் இரு கைகளையும் இழக்கும் நிலையில் இருந்த அவரை ஒரு மருத்துவர் காப்பாற்றியிருந்தார். அந்நன்றியும் சேர்ந்து அவரை மருத்துவம் பயிலத் தூண்டியது. பகலில் மருத்துவ வகுப்பு, இரவில் ஓவியம் என நாள்கள் கழிந்தன. தேர்வில் தேறி மருத்துவராகும் உரிமமும் பெற்றார். ஆயினும், விரும்பும் தொழிலையே தேர்ந்துகொள்ளுமாறு அன்னை கூறிய அறிவுரை அவரை ஓவியத்திடம் சேர்த்தது.

அசையும் கட்டங்கள்

1947இல் வெளிவந்தது 'புதிய புதையல் தீவு'. சகாய் ஷிச்சிமா கதையமைக்க, தெசூகா வரைந்த நூல் அது. அதற்கு முன்பிருந்த சித்திரக்கதைகள் பெரும்பாலும் நாடக மேடையைப் போன்றவை. எல்லா மாந்தரும் ஒரே தொலைவில், முழு உருவத்துடன் தோன்றுவர். தெசூகாவோ ஓவியத்திற்குத் திரைப்படத்தின் கண்ணைத் தந்தார். நூலின் தொடக்கத்தில் ஒரு சிறுவன் மகிழுந்தில் துறைமுகம் நோக்கி விரைகிறான். பேச்சு ஏறத்தாழ இல்லை. தொலைவுக் காட்சியும் அண்மைக் காட்சியும் மாறிமாறி வர, அசையாத தாளில் வண்டி ஓடியது. படிகள் நான்கு இலட்சம் வரை விற்றன என்பர். அந்நூலைக் கண்டு வியந்த சிறுவர் பலர், தாமும் ஓவியராக வேண்டும் என்று உறுதி பூண்டனர்.

டோகிவா இல்லம்

தெசூகா 1953இல் டோக்கியோவில் டோகிவா இல்லம் என்னும் இரண்டடுக்கு மர வீட்டில் குடியேறினார். நான்கரைப் பாய் விரிக்கும் அளவே உள்ள சிற்றறைகள். அடுக்களை அனைவர்க்கும் பொது. அடுத்த ஆண்டு அவர் வெளியேறியபோது, அவ்வறைக்கு வந்தவர்கள் ஃபுஜிமோட்டோவும் அபிகோவும். வறுமையோடு போராடிய அவ்விளைஞர்களுக்காகத் தாம் கட்டிய முன்பணத்தையும் மேசையையும் தெசூகா அங்கேயே விட்டுச் சென்றார். ஷோட்டாரோ இஷினோமோரி உள்ளிட்ட ஓவியர் பலரும் பின்னர் அங்கு வந்து சேர்ந்தனர். இஷினோமோரி பள்ளி மாணவராக இருந்தபோதே தெசூகாவின் புகழ்பெற்ற தொடராகிய 'ஆஸ்ட்ரோ பாய்' வரைவில் துணைபுரிந்தவர். அவ்வீடு ஆசிரியர் இல்லாத ஓவியப் பள்ளியாக விளங்கியது.

பழமையாகிய ஓவியம்

1950களின் இறுதியில் காற்று திசைமாறியது. கடுமையான வாழ்க்கையை மெய்ம்மை நெறியில் தீட்டிய 'கெகிகா' என்னும் புதுவகைச் சித்திரக்கதையை இளைஞர்கள் விரும்பினர். தெசூகாவின் உதவியாளர்களும் அந்நூல்களை இரவல் வாங்கிப் படித்தனர். உருண்டு திரண்ட அவரது ஓவியம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. அவர் கலங்கினார்; பொறாமையும் கொண்டார். இஷினோமோரியின் புதுமுயற்சி ஒன்றைக் கடுமையாகக் குறைகூறினார். செய்தி அறிந்து இஷினோமோரி மனம் நொந்தார். தெசூகா ஓரிரவில் அவர் இல்லம் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டார். அகவையாலும் புகழாலும் மூத்தவர், தம்மிடம் பயின்றவர்முன் தலைதாழ்ந்து நின்றார்.

வேறொரு சோதனையும் வந்தது. 1963 சனவரி முதல்நாள் முதல் 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒளிபரப்பாயிற்று. அசைவுகளைக் குறைத்தும் ஒருமுறை வரைந்த படங்களை மீண்டும் பயன்படுத்தியும் அவரது குழு காலத்தை வென்றது. எனினும் செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்றதால் இழப்பு பெருகியது. 1973இல் அவர் தொடங்கிய அசைவூட்டப்பட நிறுவனம் திவாலாயிற்று. அவரது காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

அவ்வாண்டின் இறுதியில், சில வாரங்களுக்கு மட்டும் என்னும் எண்ணத்துடன் ஒரு தொடர் தொடங்கிற்று. உரிமம் இல்லாத அறுவை மருத்துவர் ஒருவரின் கதையாகிய 'பிளாக் ஜாக்' அது. கைவிட்ட மருத்துவம் கதைக்குப் பொருளாயிற்று. எதிரியாகத் தோன்றிய கெகிகாவின் இருளும் நிழலும் அவரது கோட்டில் கலந்தன. சிலவாரத் தொடர் இருநூறுக்கும் மேற்பட்ட கதைகளாக வளர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

புத்தரின் வாழ்க்கையை 1972 முதல் 1983 வரை தெசூகா சித்திரக்கதையாக வரைந்தார். பண்டைய இந்தியாவைக் களமாகக் கொண்ட அப்படைப்பு, ஆங்கிலத்திலும் வெளிவந்து உலகெங்கும் படிக்கப்படுகிறது.

எழுதுகோல் ஓயாத கை

ஏறத்தாழ ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம் பக்கங்களை வரைந்த தெசூகா, 1989 பிப்ரவரி 9ஆம் நாள் தம் அறுபதாம் அகவையில் வயிற்றுப் புற்றுநோயால் மறைந்தார். மருத்துவமனைப் படுக்கையிலும் வரைவதை நிறுத்தவில்லை. வாழ்நாள் முழுதும் எழுதிய 'பீனிக்ஸ்' உள்ளிட்ட சில படைப்புகள் முற்றுப்பெறாமல் நின்றன.

ஓவியம் பயில்வோர் தெசூகாவிடம் முதலில் காண்பது கைத்திறம். அதனினும் அரிதாகக் கற்க வேண்டியது ஒன்று உண்டு. தம்மினும் இளையோர் தம்மை முந்திச் செல்லும்போது மனம் வருந்துவது இயல்பு. அவ்வருத்தத்தைப் பகையாக்காமல் பயிற்சியாக்கியவர் அவர். கற்பித்தவரே மீண்டும் கற்கத் துணிந்ததால், பழமையானது என்று ஒதுக்கப்பட்ட அவரது ஓவியம் மீண்டும் புதிதாயிற்று.